பொடியாக்க முடியாத வலி மாத்திரை: மருந்து கம்பெனிகளுக்கு நடுவே என்னதான் டீல்?

டேபென்டடால் என்ற வலி மாத்திரையைப் பொடியாக்கி, தண்ணீரில் கரைத்து, போதைக்காக ஊசியில் ஏற்றிக்கொள்வது... சென்னை, கோவை என்று தமிழ்நாட்டுப் போலீஸ் செய்திகளில் இது அடிக்கடி வருகிறது. படிக்கும்போது ஒரு கேள்வி எழும். பொடியாக்கவே முடியாத மாதிரி மாத்திரையைச் செய்துவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடாதா?

செய்து பார்த்துவிட்டார்கள், அமெரிக்காவில். அந்த மாத்திரையைச் சுற்றி நடந்த வியாபார ஒப்பந்தங்கள்தான் இதில் முக்கியமான கதை.

எப்படி வேலை செய்கிறது?

ஓபியாய்டு வகை வலி மாத்திரைகளில் சில, 12 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை வெளியிடும். அதை நொறுக்கினால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். போதை தேடுபவர்கள் செய்வது அதைத்தான். இதைத் தடுக்க, பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற பாலிமரைச் சேர்த்து மாத்திரையை பிளாஸ்டிக் மாதிரி இறுக்கிவிடுவார்கள். தண்ணீரில் போட்டால் கோந்து மாதிரி ஆகிவிடும், ஊசிக்குள் ஏறாது. இன்னொரு வழி, போதையை முறிக்கும் நால்ட்ரெக்சோனை மாத்திரைக்குள் ஒளித்து வைப்பது. நொறுக்கினால் மட்டும் அது வெளியே வரும்.

ஆனால் முழு மாத்திரையாக நாலைந்தைச் சேர்த்து விழுங்கினால், பாலிமர் முறை எதையும் தடுக்காது.

இதில் வியாபாரம் எங்கே வருகிறது?

பர்டியூ நிறுவனம் 2010-ல் தனது ஆக்ஸிகான்டின் மாத்திரையை இப்படி மாற்றியது. 2013 ஏப்ரல் 16-ம் தேதி, பழைய ஆக்ஸிகான்டினின் காப்புரிமை முடியும் நேரத்தில், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்டிஏ ஒரு முடிவை அறிவித்தது: நொறுக்கக்கூடிய பழைய வடிவத்துக்கு ஜெனரிக் அனுமதி கிடையாது. பாதுகாப்பு என்று பார்த்தால் நியாயமான முடிவுதான். ஆனால் மலிவு விலைப் போட்டிக்கும் அதே முடிவு கதவைச் சாத்தியது.

ஜெனரிக் கம்பெனிகள் இனி என்ன செய்ய வேண்டும்? அசல் மாத்திரைக்குக் குறையாத தடுப்பு தங்கள் மாத்திரையிலும் இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்று 2017 நவம்பரில் எஃப்டிஏ வழிகாட்டுதலே வெளியிட்டது. அரைத்து, கரைத்து, சூடாக்கிப் பார்க்கும் இந்தச் சோதனைகளுக்குச் செலவு அதிகம். அதனால் தொழில்நுட்பம் ஒருவரிடம், பணமும் விற்பனையும் இன்னொருவரிடம் என்று கூட்டு சேர்ந்தார்கள். நியூ ஜெர்சியின் எலைட் பார்மசூட்டிகல்ஸ், 2015-ல் எபிக் பார்மாவோடு போட்ட ஒப்பந்தம் அப்படிப்பட்டது. மொத்த மதிப்பு 1.5 கோடி டாலர் வரை. அடுத்த ஆண்டே எஃப்டிஏ அந்த மருந்தை இப்போதைக்கு ஏற்க முடியாது என்று திருப்பி அனுப்பியது.

எண்டோ - இம்பாக்ஸ்: பணம் கொடுத்து வாங்கிய தாமதம்

அதிகம் பேசப்பட்ட டீல் இதுதான். எண்டோ நிறுவனத்தின் வலி மாத்திரை ஓபானா இஆர். அதன் ஜெனரிக்கைக் கொண்டுவர முயன்றது இம்பாக்ஸ். காப்புரிமை மீறல் என்று எண்டோ வழக்குப் போட்டது. 2010 ஜூனில் சமரசம். 2013 ஜனவரி வரை சந்தைக்கு வர மாட்டேன் என்று இம்பாக்ஸ் ஒப்புக்கொண்டது. பொதுவாக வழக்கில் மாட்டியவர்தான் பணம் கொடுப்பார். இங்கே தலைகீழ். வழக்குப் போட்ட எண்டோ கொடுத்தது, மொத்தம் 11.2 கோடி டாலர்.

அந்தத் தொகையில் 10.2 கோடி எதற்கு என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். இம்பாக்ஸ் வருவதற்குள் எண்டோ புது வடிவத்துக்கு மாறி, பழைய மாத்திரையின் விற்பனை சரிந்துவிட்டால் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. அப்படியேதான் நடந்தது. 2012-ல் எண்டோ நொறுங்காத ஓபானாவுக்கு மாறியது. பழையது பாதுகாப்பில்லை, அதன் ஜெனரிக்கைத் தடுங்கள் என்று எஃப்டிஏ-விடம் மனுவும் போட்டது. நேற்றுவரை தானே விற்ற மாத்திரை! 2013 மே மாதம் எஃப்டிஏ அதை நிராகரித்தது.

புது மாத்திரையாவது காப்பாற்றியதா என்றால், இல்லை. மூக்கில் உறிஞ்சுவது கஷ்டமானதும் பலர் ஊசிக்கு மாறினார்கள். 2015-ல் இண்டியானா மாநிலத்தின் ஸ்காட் கவுன்ட்டியில், ஓபானாவை ஊசியில் ஏற்றியவர்களிடையே 180-க்கும் மேற்பட்டோருக்கு எச்ஐவி பரவியது. 2017 ஜூனில், இந்த மருந்தைச் சந்தையிலிருந்து எடுங்கள் என்று எஃப்டிஏ கேட்டது. தவறான பயன்பாட்டைக் காரணம் காட்டி ஓர் ஓபியாய்டை விலக்கச் சொன்னது அதுவே முதல் முறை. எண்டோ விலக்கிக்கொண்டது. 2010 டீல் போட்டியைக் கெடுத்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2019-ல் முடிவு செய்தது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

நம்ம ஊருக்கும் இதற்கும் என்ன?

கோவில்பத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கு இந்தப் பெயர்கள் அந்நியமாகத் தெரியலாம். ஆனால் எண்டோ 2015-ல் வாங்கிய பார் நிறுவனத்துக்குச் சென்னையில் எடிக்ட் என்ற மருந்து கம்பெனி இருந்தது. 2012-ல் பார் அதை வாங்கியிருந்தது. நியூயார்க்கில் உள்ள செஸ்ட்நட் ரிட்ஜ் ஆலையை 2021-ல் எண்டோவிடமிருந்து 2.4 கோடி டாலருக்கு வாங்கியது, புதுச்சேரியிலும் ஆலை வைத்திருக்கும் ஸ்டிரைட்ஸ். இதை வைத்து இங்கே ஓபானா தயாரானது என்று அர்த்தம் கொள்ள வேண்டாம். உலக ஜெனரிக் தொழிலில் கை மாறும் ஆலைகளில் நம்ம பக்கத்துப் பெயர்களும் இருக்கின்றன, அவ்வளவுதான்.

அப்போ இங்கேயும் அந்த மாத்திரை வருமா? விலை இடிக்கிறது. பாலிமர், சோதனை, காப்புரிமை எல்லாம் சேர்ந்தால், மலிவாகக் கிடைக்கும் ஸ்ட்ரிப்போடு அது போட்டி போட முடியாது. நம்மிடம் ஓட்டை இருப்பது மாத்திரையின் வடிவத்தில் இல்லை, சீட்டு இல்லாமல் விற்பதில். டிரமடாலை 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். டேபென்டடாலும் காரிசோப்ரடாலும் கலந்த மாத்திரை மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போவதை பிபிசி 2025 பிப்ரவரியில் அம்பலப்படுத்திய பிறகு, அதன் தயாரிப்பு, ஏற்றுமதி அனுமதிகளை மத்திய அரசு ரத்து செய்தது. காரைக்காலில் இன்னொரு சிக்கல்: இங்குள்ள மெடிக்கல் ஷாப்புகள் புதுச்சேரி மருந்து கட்டுப்பாட்டுத் துறையின் கீழ், எல்லை தாண்டி நாகப்பட்டினம் பக்கம் போனால் தமிழ்நாட்டுத் துறையின் கீழ்.

அதே நேரம், ரொம்ப இறுக்கினால் அடிபடுவது புற்றுநோயாளிகள். மார்பின் கிடைக்காமல் அவர்கள் தவித்ததால்தான் 2014-ல் அந்தச் சட்டத்தையே திருத்தி விதிகளை எளிதாக்கினார்கள்.

வீட்டில் யாருக்காவது மாத்திரைப் பழக்கம் இருந்தால், போதை மீட்பு ஆலோசனைக்கான தேசிய இலவச எண் 14446.