தேர்ச் சில்லும் திருப்பமும்

பாலாவிக் கரையிலே, மாதோட்டம் என்னும் பழந்துறைமுகத்தை அடுத்து விளங்கும் திருக்கேதீஸ்வரம் சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற தலம். பறங்கியர் காலத்தில் அழிவுற்ற இவ்வாலயம் மீண்டும் எழுதற்கு 1872-இல் ஆறுமுக நாவலர் விடுத்த வேண்டுகோள் வித்தாயிற்று. 1948-இல் தோன்றிய திருப்பணிச் சபையின் முயற்சியும் சேர் கந்தையா வைத்தியநாதனின் உழைப்பும் பலரறிந்தவை. மண்ணுட் புதைந்த சிவலிங்கத்தைப் பின்னர் அகழ்ந்தெடுக்க முடிந்தது. தேரை அங்ஙனம் அகழ்ந்தெடுத்தல் இயலாது. அது மரத்தாலாயது, அதனைச் செலுத்தும் முறையோ கைப்பழக்கத்தில் மட்டுமே வாழ்வது. இரண்டு தலைமுறை இடையறவு நேரின் அம்முறை மறைந்தொழியும். ஆதலின் தேரைத் திருப்பும் கலையும் வரலாற்றாசிரியர் கருத்துக்கு உரியதே.

ஆலயத்தின் திருவீதி நாற்கோணமானது. தேர் நான்கு மூலைகளிலும் திரும்பல் வேண்டும். மாதோட்டத்து வயல்களிற் சென்ற மாட்டு வண்டிக்கு இஃது ஓர் இடர் அன்று. அதற்குச் சில்லுகள் இரண்டே. திரும்பும்போது உட்சில்லு மெல்லவும் வெளிச்சில்லு விரைந்தும் தனித்தனி உருளும். நான்கு சில்லுடைய தேரிலும் சில்லுகள் அச்சிலே தனித்தனி சுழல்வனவே. வள்ளுவர் உவமையாக எடுத்தாண்ட அச்சாணி அவற்றைக் கழலாது காப்பது. ஆயின் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றற்கொன்று இணையாக நிலைபெற்றிருத்தலின், பெருந்தேர் நேரே ஓடவே வல்லது. அதனைத் திருப்புதல் என்பது அதன் சில்லுகளைப் பக்கவாட்டில் இழுத்தலேயாம்.

இவ்விடத்தே முட்டுக்கட்டை துணைசெய்கின்றது. ஒரு பக்கத்துச் சில்லின் முன் சரிவான கட்டையை இட்டால் அச்சில்லு தடைப்படும், மறுபக்கம் முன்னேறும், தேரின் முகம் தடைப்பட்ட பக்கம் திரும்பும். கட்டையின் சரிவு சில்லை ஒருபுறம் சறுக்கவும் செய்யும். வடம் பிடிப்போர் ஆயிரவராயினும், தேர் செல்லும் திசையை முடிவுசெய்வோர் சில்லருகே குனிந்து நிற்கும் சிலரே. கை சற்றே பிழைப்பின் அவர் உயிர்க்கே ஏதம். திருவிழா வருணனைகளில் அவர்க்கு இடமின்மை வியப்பன்று; வருந்தத்தக்கது.

மேனாட்டார் இவ்விடரை வேறு வழியால் தீர்த்தனர். மியூனிக் நகரத்து வண்டிச் சிற்பி லாங்கன்சுபெர்கர் முன்சில்லுகள் இரண்டும் தத்தம் முளையில் வெவ்வேறு கோணத்தில் திரும்பும் அமைப்பைக் கண்டார். அதனை அக்கர்மன் 1818-இல் இலண்டனில் உரிமைப்பதிவு செய்தார். பிரெஞ்சுக்காரராகிய பெக்கர் 1827-இல் அமைத்த வேறுபாட்டுப் பற்சக்கரம், பொறியால் உந்தப்படும் இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் உருள இடந்தந்தது. இதிலும் குறையுண்டு. மன்னார்த் தீவின் மணலில் ஒரு சில்லுப் புதைந்தால் அதுவே வீணாகச் சுழலும். உறுதியான நிலத்தில் நிற்கும் மற்றது அசையாது. சுழலும் சில்லை மட்டும் தடுத்து, வலியை மற்றதற்குச் செலுத்தும் ஏற்பாடு 1980-களில் வந்தது. 1978-இல் பொஷ் நிறுவனம் சில்லு இறுகிச் சறுக்காது காக்கும் தடையையும், 1995-இல் வளைவில் வண்டி வழுவும்போது தக்கதொரு சில்லைத் தானே தடுத்து வண்டியை நேர்ப்படுத்தும் கருவியையும் மெர்சிடிஸ் வண்டிகளில் அமைத்தது.

ஒரு சில்லைத் தடுத்து வண்டி முழுவதையும் திருப்புதல் என்ற அளவில் முட்டுக்கட்டையும் இக்கருவியும் ஒன்றே. இதனைக் கொண்டு முன்னோர் மோட்டார் நுட்பம் அறிந்திருந்தனர் எனல் மிகைக்கூற்று. மோட்டார் வண்டியை உந்துவது சில்லு; ஆகவே அதற்கு நிலப்பற்று இன்றியமையாதது. தேரை இழுப்பது வடம். அதற்கு மூலையில் நிலப்பற்றுக் குறைதலே நன்று. இதுபற்றியே திருவாரூர் ஆழித்தேர் திரும்புமிடத்து இரும்புத் தகடுகளிற் கொழுப்பெண்ணெய் பூசிச் சில்லின்கீழ் இடுகின்றனர்.

அலங்கரித்த நிலையில் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 தொன் நிறையும் உடையதென்பர் அத்தேர். திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிறுவனம் அதற்கு நீரியல் தடைகளைப் பொருத்தியது. அதன் பின்னரும் முட்டுக்கட்டை இடுவோர் அதன் சில்லருகே நடந்தே வருகின்றனர்.