பாட்டால் வளர்ந்த பக்தி
தஞ்சைச் சாஸ்திரியார் குடும்ப வரலாறு

பெற்றோர் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் செல்வங்களுள் நிலமும் வீடும் பத்திரத்தால் கைம்மாறும். மொழியும் சமயப் பற்றும் அங்ஙனம் மாறுவன அல்ல. தந்தை ஓதி, தாய் பாடி, பிள்ளை கேட்டு, கேட்டதைத் தன் பிள்ளைக்குச் சொன்னாலன்றி அவை ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்து இக்காலனியில் குடியிருக்கும் நாம் இவ்வுண்மையை நாடோறும் கண்கூடாகக் காண்கின்றோம். ஆதலின், கிறிஸ்தவ நெறியைத் தமிழ்ப் பாட்டின் வாயிலாகத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த குடும்பம் ஒன்றின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைந்தோம். ஏனைய சமயத்து அன்பர்களும் இதனின்று கொள்ளத்தக்கது உண்டு என்பது எம் கருத்து.

திருநெல்வேலிச் சீமையில் தமிழ்ப் பயிற்சி மிக்கவராய் வாழ்ந்தவர் அருணாசலம் பிள்ளை என்பவர். அவர் கிறிஸ்தவ நெறியைத் தழுவித் தேவசகாயம் என்னும் பெயர் பூண்டார். அவருடைய மகனாக 1774-ஆம் ஆண்டில் தோன்றியவரே வேதநாயகம். தஞ்சையில் சமயப் பணி ஆற்றிவந்த சுவார்ட்ஸ் ஐயர் 1785-இல் திருநெல்வேலிக்கு வந்தபோது, இச்சிறுவனின் கூர்த்த மதியைக் கண்டு, தந்தையின் இசைவு பெற்றுத் தம்மோடு அழைத்துச் சென்றார். தஞ்சையிலும், 1706-இல் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கிய தரங்கம்பாடியிலும் அவர் கல்வி பயின்றார். பின்னாளில் தஞ்சை மன்னராய் விளங்கிய இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவரே. இருபது வயது அளவிலேயே வேதநாயகம் தஞ்சையில் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார்.

அக்காலத்தில் ஐரோப்பியக் குருமார் கொணர்ந்த ஞானப்பாடல்கள் ஜெர்மானிய இசையில் அமைந்தவை. சொல் தமிழாயினும் மெட்டு வேற்று நாட்டது. வேதநாயகரோ நம் மக்கள் கேட்டுப் பழகிய பாட்டு வகைகளையே எடுத்தாண்டார். 1800-ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில் திருச்சபையே தலைவியாகவும், பெத்லகேமில் பிறந்த பெருமானே தலைவராகவும் அமைந்தனர். வானநூலும் பூகோளமும் கூட அந்நூலுள் இடம் பெற்றன. குற்றாலக் குறவஞ்சியைச் சுவைத்த செவிகளுக்கு அது புதியதும் ஆயிற்று, பழகியதும் ஆயிற்று. சாஸ்திரக் கும்மி, ஞான ஏற்றப்பாட்டு, ஞானத்தச்ச நாடகம் எனப் பல நூல்களை அவர் செய்தார்.

இதனால் விளைந்த பயன் யாதெனின், ஏடு படிக்க அறியாத தாயும் கும்மிப் பாட்டை மனத்தில் வைத்துப் பிள்ளைக்குப் பாடலாயிற்று. ஏற்றம் இறைப்பவர் மெட்டு, வேதக் கருத்தைச் சுமந்து வயலுக்கும் சென்றது. போதகர் வாரம் ஒருமுறை சொல்வதை வீடு நாள்தோறும் பாடியது. நினைவில் நிற்பதே தலைமுறை கடந்து நிற்கும் என்பதை அப்பெரியார் அறிந்திருந்தார்.

சுவார்ட்ஸ் ஐயர் 1798-இல் மறைந்தார். அவருக்குப் பல்லாண்டுகள் பின்வந்த புதிய மிஷனரிமாருக்கும் சாஸ்திரியாருக்கும் பெரும் பிணக்கு மூண்டது. பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுவதும், தமிழ்க் கீர்த்தனைகளை ஆலயத்தில் தடுப்பதும், விழாக்களில் மலர் அணிவதை விலக்குவதும் அவருக்குப் பொறுக்கவில்லை. 1829-இல் அவர் தம் பணியை இழந்தார். சரபோஜி மன்னர் அவரை ஆதரித்து அரண்மனைப் புலவராக்கினார். மன்னரின் உப்பை உண்டும் தம் சமயக் கொள்கையில் அவர் தளரவில்லை. மன்னரும் அதனை வற்புறுத்தி மாற்ற முயன்றாரில்லை. இருவர் பெருமைக்கும் இது சான்றாகும்.

நிற்க, ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் வரலாறு ஆகாது. ஆலயத்திலும் திருவிருந்திலும் சாதி வேறுபாடின்றி யாவரும் ஒருங்கிருக்க வேண்டும் என்று அம்மிஷனரிமார் வற்புறுத்தினர். சாஸ்திரியார் அதனையும் எதிர்த்து எழுதினார். தமிழ்ப் பாட்டுக்காக அவர் வாதாடியது அறம். சாதிப் பிரிவினைக்காக வாதாடியது அறமன்று. முன்னோர் தந்தனர் என்பதனால் அனைத்தும் செல்வம் ஆகிவிடா. நெல்லை வைத்துக்கொண்டு பதரைத் தூற்றுவது வழிவந்தோர் கடமை. கடவுள் முன் யாவரும் ஒன்று என்னும் நெறியைப் பிள்ளைக்கு ஊட்டும் வீடு, சாதியையும் உடன் ஊட்டுமாயின், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்ததாகவே முடியும்.

ஆலயம் விலக்கிய பாட்டை வீடு விலக்கவில்லை. சாஸ்திரியாரின் மகள் ஞானதீபம் அம்மாள் தாமும் பாடல் இயற்றும் ஆற்றல் பெற்றிருந்தார். குடும்பத்தார் ஏடுகளைப் பேணினர், பாடினர். 1853-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, சாஸ்திரியாரின் பாடல்கள் பல அதில் இடம் பெற்றன. அப்போது கவிஞருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது. வெளியே நிறுத்தப்பட்ட பாட்டு மீண்டும் ஆலயத்துள் நுழைவதைத் தம் கண்ணாலேயே கண்டு, 1864-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் வீடு அப்பாட்டை மறந்திருந்தால் தொகுப்பதற்கு யாது இருந்திருக்கும்?

அவர் வழித்தோன்றல்கள் சாஸ்திரியார் என்னும் பட்டத்தைத் தாங்கி, முன்னோர் பாடல்களைக் கதாகாலட்சேபமாகப் பாடும் தொண்டைத் தலைமுறைதோறும் செய்து வந்துள்ளனர். அக்குடும்பத்தவரான நோவா ஞானாதிக்கம் சாஸ்திரியார் கவிஞரின் வரலாற்றை நூலாக எழுதி வைத்தார். பட்டம் பிறப்பால் வரலாம்; பாட்டு பயிற்சியால்தான் வரும். ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்றதனாலேயே அச்செல்வம் தேயாது நின்றது.

இனி, நம் நிலையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழ்க் கீர்த்தனையை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடும் இளைஞரும் உளர். அவர்களைக் கடிந்து பயனில்லை. எழுத்துத் தெரியாவிடினும் பாட வேண்டும் என்னும் ஆவல் உள்ளதே, அதனைப் போற்றுவோம். ஆயின் அவ்வளவில் நின்றுவிடலாகாது. மாலையில் கால் மணி நேரம் குடும்பமாய் அமர்ந்து ஒரு பாட்டைப் பாடி, அதன் பொருளையும் பிள்ளைக்கு விளக்குவோம். பொருள் அறியாத பாட்டு ஒரு தலைமுறைக்கு ஒலியாக நிற்கும். அடுத்த தலைமுறையில் அவ்வொலியும் அடங்கும்.

கிறிஸ்தவர் வீட்டில் கீர்த்தனையும், சைவர் வீட்டில் தேவாரமும், வைணவர் வீட்டில் திருப்பாசுரமும், இசுலாமியர் வீட்டில் சீறாப்புராணமும் தமிழில் ஒலிக்கட்டும். சங்கம் ஆண்டுக்கு ஒருநாள் விழா எடுக்கலாம். ஏனைய நாள்களுக்கு நம் வீடுகளே சங்கம்.