கல்லில் கோடு, நினைவில் விதி: ஆடுபுலி ஆட்டத்தின் கணினி வடிவமும் பாத்திர அடையாளமும்

திறவுச்சொற்கள்: ஆடுபுலி ஆட்டம், பாத்திர வகை, கணினி விளையாட்டு, கொங்கு வட்டாரம்

முன்னுரை

நடுவர் ஒருவரின் முன்னிலையில் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகள் கணினிக்கு மாறியபோது, ஒவ்வொரு பாத்திர வகையின் தனித்தன்மையும் எந்த அளவுக்குக் காக்கப்பட்டது என்பது விளையாட்டு வரலாற்றின் முதன்மையான வினாக்களுள் ஒன்று. சேலம், நாமக்கல் சமவெளியில் திண்ணையிலும் மண்டபத்திலும் ஆடப்பட்டுவந்த ஆடுபுலி ஆட்டத்தை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை எழுப்புகிறது. இரண்டும் ஒரே இனத்து விளையாட்டுகள் அல்ல. எனினும் சதுரங்கத்தைப்போல் இருபுறமும் ஒரே படை நிற்பதில்லை. ஏற்கும் பாத்திரமே ஆடுபவரின் ஆற்றலையும் வரம்பையும் வகுக்கிறது.

கட்டமும் காய்களும்

பரவலாக அறியப்பட்ட வடிவில் உச்சிப்புள்ளி ஒன்றிலிருந்து நான்கு கோடுகள் அடிக்கோட்டுக்கு இறங்குகின்றன. அவற்றை மூன்று கிடைக்கோடுகள் வெட்டுகின்றன. கிடைக்கோடுகளின் முனைகளை இருபுறமும் நேர்கோடுகள் இணைக்கின்றன. மொத்தம் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி, பக்கத்து ஆட்டைத் தாண்டி அப்பால் உள்ள வெற்றுப்புள்ளியில் இறங்கி அதை வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. 15 ஆடுகளும் கட்டத்துக்குள் இறங்கும்வரை நகரும் உரிமையும் இல்லை. புலிகளை நகரவிடாமல் அடைப்பதே அதன் வெற்றி.

மேச்சேரிச் செம்மறியும் சேலம் கருப்பு வெள்ளாடும் தோன்றிய மண்ணில் இப்பாத்திரங்கள் வெறும் உருவகங்களாக இருந்திருக்க இயலாது. கொங்குப் பகுதியின் புலிகுத்திக்கற்கள், புலியோடு பொருது மாண்டவர்களின் நினைவைத் தாங்கி நிற்கின்றன. ஆட்டத்தின் தோற்றத்தை அக்கற்களோடு நேரடியாக இணைப்பதற்கு இது சான்றாகாது. ஆடியவர்களின் மனநிலையை உணர உதவும், அவ்வளவே.

மேசையிலிருந்து கணினிக்கு

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என மூன்று வகைகளோடு தொடங்கியது. திருடர் வகை 1975-இன் துணைநூலில் சேர்ந்தது. மந்திரவாதி தம் மந்திரங்களை முன்கூட்டியே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்; பயன்படுத்தியபின் ஓய்வெடுத்தே மீண்டும் பெற இயலும். இந்த வரம்பை 1988-இன் பூல் ஆஃப் ரேடியன்ஸ் கணினியிலும் விடவில்லை. 1998-இன் பால்டர்ஸ் கேட், முறைவைத்து ஆடுவதைக் கைவிட்டு, வேண்டும்போது நிறுத்திக்கொள்ளும் தொடர்ஓட்டத்தை ஏற்றபோதும் அவ்வரம்பு நீடித்தது. திருடரின் நிலை வேறு. அவருடைய சூழ்ச்சிகள் பெரும்பாலும் நடுவரின் தீர்ப்பை நம்பியவை. நடுவர் இல்லாத திரையில் அவர் பூட்டுத் திறப்பவராகவும் பொறி நீக்குபவராகவும் சுருங்கினார். எண்ணாக எழுதப்பட்ட வரம்பு பிழைத்தது. பேச்சில் வாழ்ந்த ஆற்றல் தேய்ந்தது.

ஆட்டின் அடையாளம்

ஆடுபுலி ஆட்டத்தைக் கணினிக்குக் கொண்டுவருபவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, எத்தனை ஆடுகள் வெட்டுப்பட்டால் புலி வென்றதாகும் என்பதே. நேபாளத்தின் பாக்சால் ஆட்டத்தில் (4 புலிகள், 20 ஆடுகள்) ஐந்து ஆடுகள் வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி. அவ்வாட்டத்தைக் கணினிவழி ஆராய்ந்த லிம் இயூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் ஆகியோர், இருதரப்பும் பிழையின்றி ஆடினால் அது சமநிலையில் முடியும் என நிறுவினர்.

அந்த எண்ணை நம் கட்டத்துக்கு அப்படியே எடுத்துவருவது எளிது. ஆனால் அது ஆட்டின் இயல்பைக் குலைக்கும். உச்சியில் ஒரு புலியும் மேல் கிடைக்கோட்டின் இரு முனைகளில் இரு புலிகளும் நிற்பதாகக் கொள்வோம். நான்கு கோடுகளும் மேலிரு கிடைக்கோடுகளை வெட்டும் 8 புள்ளிகளிலும், பக்கக்கோடுகளின் எஞ்சிய 4 முனைகளிலுமாக 12 ஆடுகள் நின்றால் மூன்றும் அடைபடும். மாறாக, மூன்று புலிகளும் ஒரே பக்கக்கோட்டில் வரிசையாக நின்றால் அவை ஒன்றையொன்று மறித்துக்கொள்ளும். ஒவ்வொரு கிடைக்கோட்டிலும் அடுத்தடுத்து இரண்டு வீதம் 6 ஆடுகளே போதும். ஒன்பது ஆடுகளை இழந்தபின்னும் வெற்றிக்கு வழியுண்டு. தேர்ந்த புலி அப்படி ஒதுங்காது என்பது உண்மைதான்; ஆயினும் அந்த வாய்ப்புதான் ஆட்டை இரையாக அல்லாமல் எதிராளியாக நிறுத்துகிறது. ஐந்தாம் ஆட்டோடு ஆட்டத்தை முடிக்கும் நிரல் அதனைப் பறித்துவிடுகிறது. வெட்டுக்கு வெட்டு மதிப்பெண் வழங்குவதும் இதே தவறே: எண்ணத்தக்க சாதனை புலிக்கு மட்டுமே உரியதாகிறது.

தமிழகக் கோயில் மண்டபங்கள் பலவற்றின் தரையில் இக்கட்டம் பொறிக்கப்பட்டுள்ளது. அங்குக் காண்பவை கோடுகள் மட்டுமே. விதிகள் ஆடியவர்களின் நினைவில் இருந்தன, ஊருக்கு ஊர் மாறின. ஐயம் எழுந்தால் திண்ணையில் இருந்த மூத்தவரே நடுவர். கைப்பேசியில் ஒற்றை வடிவம் நிலைபெற்றால், தம் ஊர் வழக்கே பிழையென அடுத்த தலைமுறை கருதக்கூடும். எனவே நிரலாக்கத்துக்கு முன் களப்பணி தேவை. மேச்சேரியிலும் இராசிபுரத்திலும் பரமத்திவேலூரிலும் முதியோரிடம் கட்டத்தின் படத்தை மட்டும் வாங்கிவருவது போதாது. வெட்ட வாய்ப்பிருந்தும் புலி வெட்டாமல் விடலாமா, ஒரே முறையில் இரண்டு ஆடுகளைத் தாண்டலாமா, புலிகளைத் தொடக்கத்திலேயே வைப்பதா அல்லது ஆடுகளோடு மாறிமாறி இறக்குவதா, எத்தனை ஆடுகள் போனபின் ஆட்டுக்காரர் தோல்வியை ஒப்புக்கொள்வார் என்பவற்றையும் ஊர்ப்பெயரோடு கேட்டுப் பதிய வேண்டும்.