பெயரேடும் விளையாட்டுப் பெட்டியும்

விளையாட்டுப் பெட்டியின் டிஎன்எஸ் எண்ணை மாற்றினால் ஆட்டம் விரைவாகும் என்று மாணவர் சிலர் கூறக் கேட்டிருப்பீர்கள். அதன் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1970களில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் இணைந்த கணினிகளின் பெயரும் எண்முகவரியும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபெயின்லரின் குழுவினர் அதனைப் பேணி வந்தனர். கணினிகள் பெருகின; ஒரு கோப்பு போதவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் அப்பெயரேட்டைப் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் டிஎன்எஸ் முறையை வகுத்தார்.

ஆக, அது முகவரி சொல்லும் ஏடு. முகவரி கிடைத்தபின் ஆட்டத் தரவு அதன் வழியே செல்வதில்லை. கூகுளின் 8.8.8.8 (2009), கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 (2018) ஆகியவை பெயர் தேடலை விரைவாக்கலாம்; ஆட்டத்தின் நடுவே நேரும் தாமதத்தைக் குறைப்பதில்லை.

ஆயினும் ஓரிடத்தில் அவ்வெண் ஆட்டத்தையே மீட்டது. 2014 மே 20ஆம் நாள் நிண்டெண்டோ, டிஎஸ் பெட்டிக்கான இணையச் சேவையை நிறுத்தியது. பெட்டியோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. ரசிகர்கள் தாமே வழங்கிகளை அமைத்தனர். அப்பெயருக்குத் தங்கள் முகவரியைக் காட்டும் டிஎன்எஸ் எண்ணைப் பெட்டியில் இடச் செய்தனர். (ஏட்டை வைத்திருப்பவர் எவ்விடத்திற்கும் திருப்பிவிடலாம் என்பதையும் பெற்றோர் இங்கே கவனிக்க வேண்டும்.) நின்றுபோயிருந்த போக்கேமான் பரிமாற்றம் அவ்வாறே மீண்டும் தொடங்கியது.