ரவுண்டானாவில் மிதிவண்டிக்கு வழிவிட வேண்டியது யார்? விதி சொல்வது என்ன?

புனே: பிம்ப்ரி-சிஞ்ச்வாட் மாநகராட்சிக்கு உட்பட்ட நிக்டியில், பழைய மும்பை-புனே நெடுஞ்சாலையின் பக்தி-சக்தி சந்திப்பை மிதிவண்டியில் கடப்போர், பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் இடையே செல்ல வேண்டியுள்ளது. இத்தகைய இடங்களில் யாருக்கு முன்னுரிமை?

2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிவரும் வாகனங்களுக்குப் புதிதாக நுழைபவர் வழிவிட வேண்டும். பெரிய வாகனம் என்பதால் தனி உரிமை ஏதுமில்லை. பாதசாரிகள், மிதிவண்டி ஓட்டிகள், சிறுவர், முதியோர் ஆகியோரின் பாதுகாப்பில் ஓட்டுநர் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்றும் அதே ஒழுங்குமுறைகள் வலியுறுத்துகின்றன.

மிதிவண்டிக்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. ஆகவே பழகுநர் உரிமத் தேர்வுக்காக இவ்விதிகளைப் படித்திருக்க வேண்டியவர் மோட்டார் வாகன ஓட்டுநர்தான். மிதிவண்டிக்கென ஒதுக்கப்பட்ட தடத்தில் மோட்டார் வாகனங்கள் செல்லக் கூடாது; நெரிசலைத் தவிர்க்க இருசக்கர வாகனங்கள் அதில் நுழைவதும் விதிமீறலே.