இயற்கை ஓவிய நிறமி

இயற்கை ஓவிய நிறமி என்பது மண், கல், தாவரம், கரி முதலிய இயற்கைப் பொருட்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ஓவியம் தீட்டப் பயன்படும் நிறப் பொடி ஆகும். இப்பொடியைப் பிசின், எண்ணெய், முட்டைக் கரு போன்ற ஒரு பிணைப்பானுடன் சேர்த்து அரைக்கும்போது அது வண்ணம் ஆகிறது. 19ஆம் நூற்றாண்டில் செயற்கை நிறங்கள் பரவும்வரை உலகெங்கும் ஓவியர்கள் பெரும்பாலும் இத்தகைய நிறமிகளையே நம்பியிருந்தனர். இன்றும் சுவரோவியப் பாதுகாப்பிலும் மரபுவழி ஓவியப் பயிற்சியிலும் இவை செய்யப்படுகின்றன.

ஒரு பிடி செம்பருத்தி இதழைக் கசக்கினால் அப்பொழுதே நிறம் கிடைத்துவிடும். ஆனால் அந்நிறம் ஒரு மாதம் கழிந்தும் தாளில் நிற்பதில்லை. ஆகவே நிறமி செய்யும் முறைகள் பலவும், கிடைத்த நிறத்தை நிலைக்கச் செய்யும் முயற்சியாகவே வளர்ந்துள்ளன.

நிறமியும் சாயமும்

நீரிலோ எண்ணெயிலோ கரையாமல் நுண்துகள்களாக மிதந்து நிறம் தருவது நிறமி. நீரில் கரைந்து நிறம் தருவது சாயம். காவிக்கல் பொடி நிறமி. மஞ்சிட்டி வேரைக் காய்ச்சிய நீர் சாயம். துணிக்குச் சாயம் ஏற்றது, ஏனெனில் அது நூலிழைக்குள் ஊறிப் பிடித்துக்கொள்ளும். ஓவியத்திலோ கரையும் நிறம் தாளிலும் சுவரிலும் கசிந்து பரவும். மேலே பூசும் அடுத்த வண்ணத்திலும் கலந்துவிடும். மண்ணும் கல்லும் பெரும்பாலும் இயல்பாகவே நிறமிகள். பூ, இலை, வேர் ஆகியவற்றின் நிறங்கள் பெரும்பாலும் சாயங்கள். இவற்றை ஓவியத்துக்குப் பயன்படுத்த, முதலில் கரையாத பொருளாக மாற்ற வேண்டும். அவுரி இதற்கு ஒரு சிறப்பான விலக்கு.

மண் நிறமிகள்

மனிதர் பயன்படுத்திய நிறமிகளுள் மிகப் பழையவை மண் நிறமிகளே. தென்னாப்பிரிக்காவின் புளொம்போசு குகையில், ஏறத்தாழ 100,000 ஆண்டுகளுக்கு முன் காவிக்கல்லை அரைத்துக் கடற்சிப்பி ஓடுகளில் கலந்து வைத்ததற்கான தடயங்கள் கிடைத்துள்ளன. இக்கண்டுபிடிப்பு பற்றிய ஆய்வு 2011இல் வெளியானது. மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா பாறை ஓவியங்களில் மிகுதியாகக் காணப்படும் சிவப்பும் வெள்ளையும் மண், கல் வகை நிறங்களே.

இவற்றின் நிறத்துக்குப் பெரும்பாலும் இரும்பே காரணம். செங்காவியில் ஏமடைட்டு எனும் இரும்பு ஆக்சைடும், மஞ்சட்காவியில் நீர் சேர்ந்த ஆக்சைடான கோயிதைட்டும் உள்ளன. இரும்புடன் மாங்கனீசு ஆக்சைடும் சேர்ந்திருந்தால் மண் கரும்பழுப்பாக இருக்கும். பச்சை மண்ணின் நிறம் செலடோனைட்டு, குளோக்கோனைட்டு ஆகிய கனிமங்களால் ஏற்படுகிறது. கேரளத்திலும் தமிழகத்தின் சில பகுதிகளிலும் கிடைக்கும் செம்புறைக்கல் சிவப்பு, மஞ்சள் இரண்டையும் தரவல்லது.

தோண்டி எடுத்த மண்ணில் நிறத்துகளோடு மணல், வேர்த்துண்டு, உப்பு ஆகியனவும் கலந்திருக்கும். அதனை இடித்து, சல்லடையில் சலித்து, நிறைய நீரில் கலக்க வேண்டும். சிறிது நேரத்தில் மணல் அடியில் தங்கும். மேலே நிறம் கலங்கி நிற்கும் நீரை மட்டும் வேறு கலத்தில் இறுத்து, ஓரிரு நாள் அசையாமல் வைத்தால் நுண்பொடி படியும். தெளிந்த நீரை வடித்துவிட்டு இதனையே மூன்று நான்கு முறை திரும்பச் செய்வர். நீரில் துகள் அமிழும் வேகம் அதன் விட்டத்தின் இருபடியைப் பொறுத்தது. அதாவது, இரு மடங்கு பருத்த துகள் நான்கு மடங்கு விரைவாக அமிழும். ஆகவே பொறுமையும் இரண்டு பானைகளும் இருந்தால், எந்தச் சல்லடையாலும் பிரிக்க இயலாத நுண்மை வரை பிரிக்கலாம். வீடுகளில் அரிசியில் கல் அரிப்பதும் ஏறத்தாழ இதே கோட்பாடுதான். படிந்த குழம்பை நிழலில் உலர்த்தி, கல்லில் குழவியால் மீண்டும் அரைப்பர்.

மஞ்சட்காவியை வறுத்தால் அது சிவப்பாக மாறும். ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசில் கோயிதைட்டு தன்னிடமுள்ள நீரை இழந்து ஏமடைட்டாகிறது. தூய கோயிதைட்டின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இந்நீரே. இரும்புச் சட்டியில் சிறிது சிறிதாக வறுத்து இடையிடையே எடுத்தால், ஒரே மண்ணிலிருந்து மஞ்சள், செம்மஞ்சள், செங்கல் நிறம், கருஞ்சிவப்பு என ஒரு வரிசையையே பெறலாம். இத்தாலியின் சியன்னா மண் பச்சையாகவும் சுட்டும் இரு தனி வண்ணங்களாக விற்கப்படுவது இதனால்தான்.

தாவரச் சாயத்தை நிறமியாக்கல்

கரைந்துள்ள சாயத்தை நிறமற்ற ஒரு வெண்பொடியின் மீது படிய வைத்துக் கரையாத நிறமியாக்கும் முறை பழங்காலம் முதலே அறியப்பட்டது. இவ்வாறு பெறப்படும் நிறமியை ஐரோப்பிய ஓவியர் 'லேக்' என்பர். அரக்கைக் குறிக்கும் 'லாட்சா' என்னும் வடமொழிச் சொல்லே பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவை அடைந்து இவ்வடிவம் பெற்றது. அரக்குப் பூச்சியிலிருந்து பெற்ற செந்நிறமே அங்குள்ளோர் அறிந்த தொடக்ககால லேக்குகளுள் ஒன்று.

செய்முறை எளியது. பூ, வேர் அல்லது தோலைக் கொதிக்கவிடாமல் சூடான நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். வடிநீரில் படிகாரத்தைக் கரைக்க வேண்டும். வேறொரு கலத்தில் சலவைச் சோடாவைக் கரைத்து, அதனைச் சிறிது சிறிதாக இதில் ஊற்ற வேண்டும். உடனே கரியமில வாயு நுரைத்தெழும். ஆதலால் கலம் நீரின் அளவைப் போல் மூன்று மடங்கேனும் பெரியதாக இருத்தல் வேண்டும். அதே வேளையில் அலுமினியம் ஐதராக்சைடு கூழ்போல் திரண்டு, சாயத்தைத் தன்னுடன் பற்றிக்கொண்டு படியும். வேதிக் கணக்கின்படி 3 பங்கு படிகாரத்துக்கு எடையில் 1 பங்கு நீரற்ற சோடா போதுமானது. சோடா மிகுந்தால் கலவை காரமாகி நிறம் திரியும். படிவைப் பலமுறை நீர் மாற்றிக் கழுவி, வடிதாளில் உலர்த்தி, அரைத்து வைப்பர். கழுவுவதில் அவசரம் காட்டினால் எஞ்சிய உப்பு பின்னாளில் ஓவியத்தின் மேல் வெண்மையாகப் பூக்கும். தொடக்க நிலையினர் பலர் பிழை செய்வது இக்கட்டத்தில்தான்.

எல்லாத் தாவரமும் இதற்கு ஒத்துவருவதில்லை. சாயவேரில் உள்ள அலிசரின் படிகாரத்துடன் உறுதியாக இணைந்து நல்ல சிவப்பு லேக்கைத் தருகிறது. சாயவேர் தமிழகக் கரையோர மணற்பகுதிகளிலும் இலங்கையின் வடபகுதியிலும் துணிச் சாயத்துக்காக நெடுங்காலம் தோண்டப்பட்டது. அலிசரினை 1868இல் செருமானிய வேதியியலாளர் கிரேபும் லீபர்மானும் செயற்கையாக உருவாக்கிய பின் அதன் தேவை சரிந்தது. துலுக்கச் சாமந்தி, மாதுளைத் தோல் ஆகியவை மஞ்சள் தருகின்றன. புரசம் பூ செம்மஞ்சள் தரும்.

குசும்பாப் பூவின் சிவப்பு தனி வகையைச் சேர்ந்தது. அதன் இதழில் மஞ்சளும் சிவப்பும் கலந்துள்ளன. மஞ்சள் நீரில் கரையும், சிவப்பு கரையாது. முதலில் இதழ்களை நீரில் பலமுறை பிசைந்து மஞ்சளைப் போக்கிவிட்டு, பின்னர் காரநீரில் ஊறவைத்துச் சிவப்பை இறக்கி, புளிப்பு சேர்த்து அதனைப் படியச் செய்வர். சப்பானில் இது உதட்டுச் சாயமாகவும் அச்சோவிய நிறமாகவும் பயன்பட்டது. கண்ணைப் பறிக்கும் நிறமாயினும் ஒளியில் விரைவாக வெளிறுவது.

சங்குப்பூ, செம்பருத்தி முதலியவற்றின் நீல, சிவப்பு நிறங்கள் அந்தோசயனின் வகையின. சங்குப்பூ நீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவாகவும் சிவப்பாகவும், சோடா சேர்த்தால் பச்சையாகவும் மாறும். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இப்பண்பு பயன்படலாம்; ஓவியத்தில் இது குறையே. தாளில் எஞ்சியுள்ள அமிலம்கூட இந்நிறத்தை மாற்றிவிடும். மஞ்சளும் இவ்வாறே காரத்தில் சிவக்கும். வெயிலிலும் சில நாட்களில் வெளிறத் தொடங்கும்.

அவுரி

அவுரி இலையில் நீல நிறம் இல்லை. இண்டிக்கான் என்னும் நிறமற்ற பொருளே உள்ளது. இலைகளைத் தொட்டியில் நீரில் அமிழ்த்தி வைத்தால் புளித்து, அப்பொருள் சிதைந்து நீர் மஞ்சட்பச்சையாகும். பின்னர் அந்நீரைக் கால்களாலோ துடுப்புகளாலோ அடித்துக் காற்றுடன் கலக்கும்போது, ஆக்சிசன் சேர்ந்து நீலம் கரையாத துகளாகத் திரள்கிறது. அதனை வடித்து, காய்ச்சி, அழுத்திக் கட்டிகளாக்குவர். கரையாத பொருளாதலால் படிகாரமின்றியே இதனை நிறமியாகப் பயன்படுத்தலாம். செருமானிய நிறுவனம் ஒன்று 1897இல் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பின் இந்தியாவில் அவுரிச் சாகுபடி வீழ்ச்சியுற்றது. எனினும் விழுப்புரம் மாவட்டத்தின் திண்டிவனம் பகுதியில் இத்தொழில் முற்றிலும் மறையவில்லை.

அவுரியை மண்ணோடு இணைத்த மாயர்களின் முறை குறிப்பிடத்தக்கது. மெக்சிகோவில் வாழ்ந்த அவர்கள், அங்குள்ள அவுரி இனச் செடியின் நீலத்தைப் பாலிகோர்சுகைட்டு என்னும் களிமண்ணுடன் சேர்த்துச் சூடாக்கினர். களிமண்ணின் நுண்துளைகளுள் நிற மூலக்கூறுகள் சிக்கிக்கொள்வதால், அமிலமும் எளிதில் அழிக்காத நிறமி உருவாகிறது. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பொனம்பாக் சுவரோவியங்களில் இந்நீலம் ஈரமிக்க காட்டுச் சூழலிலும் எஞ்சியுள்ளது. தாவர நிறம் நிலைக்காது என்னும் பொதுவிதிக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு இல்லை.

கருமையும் வெண்மையும்

எண்ணெய் விளக்கின் சுடர்மேல் கவிழ்த்த மண்சட்டியில் படியும் புகைக்கரி மிக நுண்ணியது, ஒளியால் மாறாதது. எண்ணெய்ப் பசை இருப்பதால் நீரில் நனையாமல் மிதக்கும். சில துளி சாராயம் விட்டுக் குழைத்தால் நனையும். வெண்மைக்குச் சுண்ணாம்பு, சங்கு, சிப்பி, வெண்களிமண் ஆகியன பயன்படுகின்றன.

பிணைப்பான்கள்

தாளில் தீட்டுவதற்கு வேலம் பிசினை எடையில் இரு மடங்கு நீரில் ஊறவைத்து வடிகட்டிப் பயன்படுத்துவர். காய்ந்தபின் வெடிக்காதிருக்கச் சிறிது தேன் சேர்ப்பதுண்டு. மஞ்சள் கரு, பாலிலிருந்து பெறும் கேசீன், ஆளிவிதை எண்ணெய் ஆகியவையும் பிணைப்பான்களே. ஒரே காவி பிசினில் மங்கியும் எண்ணெயில் ஆழ்ந்தும் தோன்றும். நிறமியின் தரத்தை அதன் உலர்ந்த பொடியைப் பார்த்து மட்டும் முடிவு செய்தல் கூடாது.

சுண்ணச் சுவரில் நிறமிகள்

ஈரச் சுண்ணச் சாந்தின் மேல் நீரில் குழைத்த நிறமியைத் தீட்டினால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து சுண்ணக்கல்லாக இறுகும்போது நிறமியையும் பூட்டிக்கொள்கிறது. தனிப் பிணைப்பான் தேவையில்லை. ஆனால் ஈரச் சுண்ணாம்பு கடுங்காரம். பெரும்பாலான பூ நிறங்கள் அதில் உருமாறிப்போகும். ஆகவே இத்தகைய சுவரில் மண்ணும் கல்லும் கரியுமே நிற்கும். புதுக்கோட்டை மாவட்டத்தின் சித்தன்னவாசலில் உள்ள 9ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்களிலும், தஞ்சைப் பெரிய கோயிலில் 1931இல் எஸ். கே. கோவிந்தசாமியால் கண்டறியப்பட்ட சோழர் ஓவியங்களிலும் காவி வகைகளே மேலோங்கியிருப்பதை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் தஞ்சை ஓவியங்களின் சாந்தையும் நிறமிகளையும் ஆராய்ந்தார்.

கேரளச் சுவரோவியத்தில் தாவர நிறம் இடம்பெற முடிந்ததற்குக் காரணம், அங்குச் சுவர் உலர்ந்த பின்னரே தீட்டுவதாகும். சிவப்பும் மஞ்சளும் செம்புறைக்கல்லிலிருந்தும், கருமை விளக்குக் கரியிலிருந்தும், வெண்மை சுவரின் சுண்ணத்திலிருந்தும் பெறப்படுகின்றன. பச்சைக்கு அவுரி நீலத்தையும் எரவிக்கறை என்னும் மஞ்சள் மரப்பிசினையும் கலப்பர். பிணைப்பான் வேப்பம் பிசின். 16ஆம் நூற்றாண்டில் சிறீகுமாரர் இயற்றிய சில்பரத்தினம் என்னும் வடமொழி நூல் சுவரைப் பதப்படுத்தலையும் நிறம் செய்தலையும் விளக்குகிறது. 1970இல் குருவாயூர்க் கோயிலில் ஏற்பட்ட தீயில் அங்கிருந்த சுவரோவியங்கள் பல அழிந்தன. அவற்றை மீண்டும் தீட்டும் தேவை எழுந்தபோது, இம்முறையை முழுமையாக அறிந்தவர் மிகச் சிலரே இருந்தனர். குருவாயூர்த் தேவசம் 1989இல் சுவரோவியக் கல்வி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர் அதன் முதல் தலைவராக விளங்கினார்.

ஒளி தாங்கும் தன்மை

ஒரு நிறமி ஒளியில் எவ்வளவு நிலைக்கும் என்பதை எட்டு நீலக் கம்பளித் துண்டுகள் கொண்ட அளவுகோலால் மதிப்பிடுவர். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தியதைவிட ஏறத்தாழ இரு மடங்கு தாங்கும். காவி, கரி ஆகியவை உயர்நிலையிலும், மஞ்சள், குசும்பா ஆகியவை கீழ்நிலையிலும் நிற்கின்றன. வீட்டில் சோதிக்க விரும்புவோர் வண்ணம் தீட்டிய தாளின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் சாளரத்தில் ஒட்டி, மூன்று மாதம் கழித்து இரு பாதிகளையும் ஒப்பிடலாம். அருங்காட்சியகங்கள் வெளிறும் நிறங்களைக் கொண்ட ஓவியங்களை 50 லக்சு அளவு மங்கிய ஒளியில் வைப்பது வழக்கம்.

நச்சுத்தன்மை

இயற்கையானது என்பதால் தீங்கற்றது எனக் கருதுவது தவறு. பழைய நூல்கள் கூறும் அரிதாரமும் மனோசிலையும் ஆர்சனிக்கு சேர்மங்கள். சாதிலிங்கம் பாதரசச் சேர்மம். வெள்ளை, சிவப்பு ஈய நிறங்கள் நரம்பு மண்டலத்தைப் பாதிப்பவை. எரவிக்கறைப் பிசின் கடும்பேதியை உண்டாக்கும். ஆதலால் தூரிகை நுனியை நாவால் கூராக்குதல் கூடாது. மாங்கனீசு மிகுந்த பழுப்பு மண்ணின் தூசி உட்பட எந்த நுண்பொடியையும் மூக்கை மூடாமல் உலர் நிலையில் அரைத்தல் நுரையீரலுக்குக் கேடு. நீர் சேர்த்து ஈரமாக அரைத்தால் தூசி எழாது. படிகாரக் கலவைக்குப் பயன்படுத்திய பாத்திரங்களைச் சமையலுக்கு மீண்டும் எடுத்தல் கூடாது.