கொச்சியில் அச்சான ‘நான்’

1536-37இல் முத்துக்குளித்துறைப் பரதவர் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றனர். கொச்சிக்கு வந்து போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கோரிய தலைவர்களின் முடிவு அது. தனியொருவரின் தெரிவு அன்று. நாற்பதாண்டுகளுக்குப் பின் அதே கொச்சியில் (நான் வாழும் பள்ளுருத்திக்கு அருகில்தான்) ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் அடிகளாரின் தமிழ் நூல்கள் அச்சேறின: 1579இல் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1580இல் பாவசங்கீர்த்தனக் கையேடு. முன்னதையே பலரும் பேசுகிறோம். பின்னதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. கர்த்தர் கற்பித்த செபத்தில் சோதனையிலிருந்து காக்குமாறு வேண்டுவோர் ‘நாங்கள்’. சங்கீர்த்தனத்திலோ ‘நான்’ மட்டுமே. குலமும் ஊரும் உடன்வர இயலாது. சோதனை வந்ததா என்பதன்று, மனமார இசைந்தாயா என்பதே அங்கு வினா. கூட்டாகத் திருமுழுக்குப் பெற்ற சமூகம் தன் பாவத்தைத் தன்மை ஒருமையில் சொல்வதற்கென அச்சிடப்பட்ட நூல் அது.